ழகரம் வராத நாக்கு யாருடையது?

தமிழில் எழுத்துக் கற்பது சுலபம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தைப் போல எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்ற குழப்பம் இங்கே கிடையாதாம். எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடுமாம். இந்தப் பெருமையைப் பேசுகிறவர்களே அடுத்த மூச்சில் இன்னொன்றும் சொல்கிறார்கள்: காலனிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை, ஐந்தாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை, நாக்கு தடிச்சுப் போச்சு, ழ வரமாட்டேங்குது.

இந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. மொழி அவ்வளவு சுலபம் என்றால் அதைப் படிக்க முடியாதவன் மக்காகத்தானே இருக்க வேண்டும்? முதல் பேச்சின் பெருமை இரண்டாவது பேச்சின் இழிவாக மாறுகிற இடம் இதுதான். சாதிவெறியோடு பேசுகிறவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. நல்லவர்கள், முற்போக்காளர்கள், நம் பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ள ஆசிரியர்களும் சொல்கிறார்கள். அதனால்தான் அந்த முதல் பேச்சையே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1

எழுத்து ஒலியைக் காட்டுகிறதா? 'கல்' என்பதில் வரும் க வேறு. 'தங்கம்' என்பதில் வரும் க வேறு. 'மகன்' என்பதில் வரும் க வேறு. மூன்றுக்கும் எழுத்து ஒன்றுதான். ச, ட, த, ப எல்லாம் இப்படித்தான். பச்சை, பஞ்சு, பசி என்று சொல்லிப் பாருங்கள். ச மூன்று விதமாக ஒலிக்கும். தமிழைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு தானாக வந்துவிடுகிறது. யாரும் சொல்லித் தருவதில்லை. ஆக, ஒலியை ஏற்கெனவே வைத்திருக்கிறவனுக்கு எழுத்து ஒரு சாடை காட்டுகிறது, அவ்வளவுதான்.

சென்னை, செங்கல்பட்டுப் பக்கத்து உழைக்கிற சனங்கள் பழத்தைப் 'பயம்' என்று சொல்வதைச் சினிமாக்காரர்கள் ரொம்ப நாளாகக் கிண்டலடித்து வருகிறார்கள். பழத்துக்கும் அச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாத சனங்களாம். காதைத் தீட்டிக் கேட்டால் தெரியும். பழத்தைச் சொல்லும்போது வருவது 'பல்', 'படி' என்பதில் உள்ள ப. அச்சத்தைச் சொல்லும்போது வருவது தொண்டை அதிர்கிற ப, 'கம்பு' என்பதில் உள்ளதைப் போல. இரண்டையும் அந்த மக்கள் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. வித்தியாசம் அவர்கள் வாயில் இருக்கிறது, எழுத்தில்தான் இல்லை.

இன்னொன்று. 'வந்தான்' என்பதில் கடைசி ன் பேச்சில் விழுந்துவிடுகிறது. ஆனால் சும்மா விழுவதில்லை, முன்னால் இருக்கிற உயிரை மூக்கொலியாக்கிவிட்டு விழுகிறது. 'வந்தாள்' என்பதில் ள் அப்படியே விழுந்துவிடுகிறது. அதனால் 'வந்தா' என்று மூக்கோடு சொன்னால் ஆண், மூக்கில்லாமல் சொன்னால் பெண். தமிழ்நாட்டில் பெரும்பாலான வட்டாரங்களில் எல்லாச் சாதிக்காரர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். ஆணா பெண்ணா என்பதையே சுமந்துகொண்டிருக்கிற இந்த ஒலிக்கு 247 எழுத்தில் ஒரு எழுத்தும் கிடையாது.

பழைய இலக்கணக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று ஒலி பிறக்கும் இடங்களைப் பிரித்துக் காட்டுகிறது. குற்றியலுகரம் என்று தனியாக ஒன்றைச் சொன்னார்களே, அது காதால் கேட்டுச் சொன்னதுதான். அங்கே 'எழுத்து' என்ற சொல் ஒலியையும் குறிக்கும், வரிவடிவத்தையும் குறிக்கும். பிற்பாடு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது வரிவடிவம் மட்டும்தான். ஒலியைக் கேட்டு எழுத்தை வகுத்த மரபு, எழுத்தைப் பார்த்து வாயைத் திருத்துகிற மரபாகத் தலைகீழானது.

2

முதல் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். 'இ'-க்கு இலை. பக்கத்தில் இலைப் படம். பிள்ளை படத்தைப் பார்க்கிறது. அதற்குத் தெரிந்த சொல் 'எலை'. முதல் எழுத்து என்ன என்று கேட்டால், காது சரியாக உள்ள எந்தப் பிள்ளையும் 'எ' என்றுதான் சொல்லும். அடுத்து 'உ'-க்கு உரல். பிள்ளை வாயில் அது 'ஒரல்'.

இது சேரிப் பேச்சு அல்ல. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முன்னால் உள்ள இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் திரிவது பேச்சுத்தமிழின் பொது விதி. இடம் எடமாகிறது, விலை வெலையாகிறது, உடம்பு ஒடம்பாகிறது, குடை கொடையாகிறது. அக்ரகாரத்திலும் இதுதான், பண்ணையார் வீட்டிலும் இதுதான். வாத்தியார் வீட்டில் பேசுவதும் இதுதான். ஆனால் புத்தகம் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிள்ளை 'எலை' என்றால் 'தப்பு, இலைன்னு சொல்லு' என்கிறார்கள். தப்பு எங்கே என்று அதற்கு விளங்குவதில்லை. தன் காதை நம்பக்கூடாது என்பதுதான் அது பள்ளியில் கற்கிற முதல் பாடம்.

அடுத்தது 'சொல்வதை எழுதுதல்'. வாத்தியார் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுத வேண்டும். ர, ற இரண்டும் பெரும்பாலான இடங்களில் தனியாக வரும்போது ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன. ந, ன இரண்டும் அப்படித்தான். ல, ள, ழ மூன்றும் ஊருக்கு ஊர் வேறு. தெற்கே போனால் பழம் 'பளம்' ஆகிவிடும். வாத்தியார் வாயிலும் 'பளம்'தான் வருகிறது. காதால் கேட்டால் ள், எழுத வேண்டியது ழ். இதில் ஒலியை வைத்து எதை எழுதுவது?

இந்த எழுத்துகளுக்கு நாம் வழங்குகிற பேர்களைப் பாருங்கள். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. சின்ன ர, பெரிய ற. ஒலி வேறுபாடு காதில் விழுமானால் சுழியை எண்ண வேண்டிய தேவை என்ன? எல்லோரும் இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் கற்கிறோம், காதால் கேட்டு அல்ல என்பதற்கு இந்தப் பேர்களே சாட்சி.

கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும் என்றால் பார்ப்பதற்கு வீட்டில் அச்செழுத்து வேண்டும். பேப்பர் வருகிற வீடு, காலண்டருக்குக் கீழே குறிப்பு எழுதுகிற வீடு, அம்மா வாரப் பத்திரிகை படிக்கிற வீடு. அந்த வீட்டுப் பிள்ளை 'பழம்' என்ற வடிவத்தைப் பள்ளிக்கு வருமுன்பே நூறு முறை பார்த்திருக்கும். 'பளம்' என்று சொல்லிக்கொண்டே 'பழம்' என்று எழுதிவிடும். நம் பிள்ளையும் 'பளம்' என்று சொல்லும், கேட்டபடி 'பளம்' என்றே எழுதும். அந்தப் பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு, நம் பிள்ளைக்குச் சுழி. இரண்டு வாயிலும் வந்தது ஒரே ஒலி. வேறுபட்டது வீட்டில் இருந்த காகிதம். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் எத்தனை தலைமுறைச் சொத்து, எத்தனை தலைமுறைத் தடை இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பள்ளிக்கூடம் அதை 'நாக்கு' என்று எழுதிக்கொள்கிறது.

3

எழுத்துக்கூட்டுவதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. பேச்சில் ஒலிகள் தனித்தனியாக வருவதில்லை. 'பல்' என்று சொல்லும்போது ப், அ, ல் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஒரே மூச்சில் வருகின்றன. மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிக்க முடியாது என்பதால் 'இக், இங், இச்' என்று முன்னால் ஒரு இகரத்தை ஒட்டவைத்துச் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை 'ப', 'இல்' என்று கூட்டிப் பார்க்கிறது. 'பயில்' என்று வருகிறது. சொல்லிக் கொடுத்தபடிதான் அது சரியாகக் கூட்டியிருக்கிறது! 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் முதலில் ஒலிப்பது மெய், முதலில் எழுதுவது உயிரின் குறி. 'கொ' என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இதெல்லாம் பழகிப்போன நமக்குத் தெரிவதில்லை.

அமெரிக்காவில் இசபெல் லிபர்மனும் அவரோடு இருந்தவர்களும் 1974இல் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சொல்லில் எத்தனை அசை, எத்தனை ஒலி என்று மேசையில் தட்டிக்காட்டச் சொன்னார்கள். நாலு வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் அசையைத் தட்டிக்காட்டினார்கள். தனி ஒலியை ஒரு பிள்ளையாலும் பிரிக்க முடியவில்லை. அசை காதுக்குத் தானாக எட்டும், தனி ஒலி தானாக எட்டாது என்பது தெரிந்தது.

அப்படியானால் வயதானால் எட்டிவிடுமா? போர்ச்சுகலில் ஜோசே மொராய்ஸும் அவர் குழுவும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. எழுத்தறியாத கிராமத்துப் பெரியவர்களையும், அதே மாதிரியான வாழ்க்கையிலிருந்து வந்து வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லுங்கள், ஒரு ஒலியைக் கூட்டிச் சொல்லுங்கள் என்றார்கள். எழுத்தறியாதவர்களில் பெரும்பாலோரால் முடியவில்லை. பெரியவர்களான பின் கற்றவர்களால் முடிந்தது. அதாவது சொல்லைத் தனித்தனி ஒலியாகப் பிரிக்கிற திறமை பிறப்பில் வருவதில்லை, வயதிலும் வருவதில்லை. எழுத்தைக் கற்றுக்கொடுப்பதால் வருகிறது.

இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு 'இயல்பாகவே' வருகிறது என்று சொல்லப்படுகிற திறமை யாரோ கற்றுக்கொடுத்து வந்தது. கற்றுக்கொடுத்தவர் வாத்தியாராக இல்லாமல் தாத்தாவாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான். நம் பிள்ளையிடம் அது இல்லை என்றால் காரணம் அறிவுக்குறை இல்லை. யாரும் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான். ரத்தத்தில் ஓடுவதாகச் சொல்லப்பட்ட 'படிப்பு வாசனை'யின் கதை இங்கே முடிந்துபோகிறது.

பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்துக் கற்பித்ததைப் பற்றி நம் இயக்கங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். அவர் அரசியலைப் பேசுகிற அளவுக்கு அவர் ஒலியை எப்படிக் கையாண்டார் என்பதை நாம் பேசுவதில்லை. செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலோ' என்ற சொல்லை எடுத்தார். தொழிலாளி வாயில் தினமும் புழங்குகிற சொல் அது. அதைத் தி, ஜோ, லோ என்று அசையாகப் பிரித்தார். ஒவ்வொரு அசைக்கும் அதன் குடும்பத்தைக் காட்டினார்: த, தெ, தி, தொ, து என்று. அந்த அசைகளை மாற்றி மாற்றிச் சேர்த்து அவர்களே புதுச்சொல் கண்டுபிடித்தார்கள். நம் உயிர்மெய் வரிசை அதே அசைக் குடும்பம்தானே! அவர் பிரித்துக் காட்ட வேண்டியிருந்ததை நம் எழுத்து முறை கையிலேயே வைத்திருக்கிறது. ஆனால் நாம் சொல்லை விட்டுவிட்டு வரிசையை மட்டும் கத்த வைக்கிறோம். 'க கா கி கீ' மனப்பாடம் ஆகிறது. நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டுக் கேட்டால் பிள்ளை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறது.

4

1990களில் அறிவொளி இயக்கம் வந்தபோது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரியில் இரவு வகுப்பு எடுத்தேன். நாற்று நட்டுவிட்டு, களை எடுத்துவிட்டு வந்த பெண்கள்தான் அதிகம். ஒருநாள் 'வாழைப்பழம்' எழுதிக் காட்டி, இது ழ, நாக்கை மடிச்சுச் சொல்லணும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வயசான ஒரு ஆயா கேட்டது:

"இன்னா தம்பி, இந்த எழுத்த யாருதான் வாயால சொல்றாங்கோ? மணியக்காரர் வூட்லகூட வாயப்பயம்னுதான் சொல்றாங்கோ. அவங்களுக்கு மட்டும் அது தப்பில்லியா?"

"எங்க வூட்லயும் பயம்னுதான் சொல்றது ஆயா. எழுதசொல்லோ மட்டும் இப்பிடி எழுதறது" என்றேன்.

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? எழுதறது ஒண்ணு, பேசறது ஒண்ணுன்னு சொல்லிட்டுப் போ. நாக்க ஏன் மடிக்கச் சொல்ற?"

மொழியியல் படிக்காத அந்த ஆயா கேட்டதைத்தான் 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் 'இரட்டை வழக்கு' என்று பேர் வைத்து எழுதினார். ஒரே மொழியில் எழுதுவதற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. எழுத்து வழக்கு யாருக்கும் தாய்மொழி இல்லை. அரபு மொழிப் பிள்ளைகளிடம் எலினோர் சாயெக்-ஹத்தாத் 2003இல் செய்த ஆய்வு, வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலிகளைப் பிரித்தறிவதுதான் அந்தப் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது என்று காட்டியது. சிக்கல் பிள்ளையிடம் இல்லை, இரண்டு வழக்குகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தில் இருக்கிறது.

ஆனால் ஆயாவின் கேள்வியில் ஃபெர்குசன் கேட்காத ஒன்றும் இருந்தது: அவங்களுக்கு மட்டும் அது தப்பில்லியா? தூரம் எல்லோருக்கும் இருக்கிறது, தண்டனை ஏன் சிலருக்கு மட்டும்?

வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் 1960களில் தமிழில் பார்ப்பனர் பேச்சையும் பார்ப்பனரல்லாதார் பேச்சையும் ஒப்பிட்டார்கள். பார்ப்பனர் பேச்சில் ழ நிற்கிறது, மற்றவர் பேச்சில் அது வேறு ஒலியோடு சேர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. சரி. ஆனால் 'ஆத்துக்கு வந்துண்டு' என்பதும் எழுத்திலிருந்து தூரமாகத்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எந்த வாத்தியாரும் நாக்கு தடிச்சுப் போச்சு என்று சொன்னதில்லை. அப்புறம் ஆங்கிலப் பள்ளியில் படித்த பணக்காரப் பிள்ளை 'தமில்' என்கிறது. தொலைக்காட்சியில் அப்படிப் பேசுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ழ வராமல் போனால் ஒரு நாக்குக்கு அது அழகு, இன்னொரு நாக்குக்கு அது பிறப்பின் அடையாளம்.

ஜான் கம்பெர்ஸ் 1958இல் உத்தரப் பிரதேசத்தில் கலாப்பூர் என்ற கிராமத்தின் பேச்சு வேறுபாடுகளைப் பற்றி எழுதினார். தீண்டத்தக்க சாதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி பேசின. சமார்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் ஆகிய தீண்டப்படாதவர்களின் பேச்சொலியில் வேறுபாடு இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் தினமும் மேல்சாதி வீடுகளிலும் வயல்களிலும் வேலை செய்து பேச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள். வேலைத் தொடர்பு ஒலியை மாற்றவில்லை; கூடி விளையாடுவது, சமமாக உட்கார்ந்து பேசுவது, இந்த நட்புத் தொடர்புதான் பேச்சை ஒன்றாக்குகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். நட்பு எந்த எல்லையில் நின்றதோ அந்த எல்லையில் ஒலியும் நின்றது. பேச்சு வேறாக இருப்பதற்குக் காரணம் நாக்கு இல்லை, தீண்டாமை. ஊருக்கு வெளியே குடிவைத்துவிட்டு, பேச்சு ஊரைப் போல இல்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

5

கறுப்பின மக்கள் இதை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைக் 'கற்றல் குறைபாடு உள்ளவர்கள்' என்று பள்ளி ஒதுக்கியது. வாசிப்பில் பின்தங்கிப் போனார்கள். தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். வில்லியம் லபோவ் உள்ளிட்ட மொழியியலாளர்கள் சாட்சி சொன்னார்கள். 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார்: பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வாசிக்கக் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார்செய்யும் திட்டத்தைக் கல்வி நிர்வாகம் தர வேண்டும். பிள்ளையின் பேச்சு தடை அல்ல, அந்தப் பேச்சைப் பற்றி ஆசிரியர் மனதில் தன்னையறியாமல் இருக்கிற எண்ணம் தடையாகிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

லபோவ் ஆசிரியர்களுக்குச் சொன்னது எளிமையானது. வாசிப்பில் பிழை வேறு, உச்சரிப்பில் வேறுபாடு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஆசிரியர் பிள்ளையைக் கெடுத்துவிடுவார்.

இதைத் தமிழில் வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் 'காற்று அடித்தது' என்று இருக்கிறது. ஒரு பிள்ளை 'காத்து அடிச்சுது' என்று வாசிக்கிறது. வாத்தியார் தலையில் குட்டுகிறார். என்ன நடந்திருக்கிறது? பிள்ளை எழுத்தைப் பார்த்தது, சொல்லை அடையாளம் கண்டது, பொருளைப் புரிந்துகொண்டது, புரிந்ததைத் தன் வாயால் சொன்னது. வாசிப்பு என்பதே இதுதான். இன்னொரு பிள்ளை 'கா-ற்-று' என்று வாத்தியார் சொன்னபடி சுத்தமாகக் கத்துகிறது. அப்படியென்றால் என்னடா என்று கேட்டால் விழிக்கிறது. அதுதான் வாசிக்கவில்லை. குட்டு வாங்குவது வாசித்த பிள்ளை. பொருள் தெரிந்து வாசித்ததற்காக அடிவாங்கிய பிள்ளை மறுநாள் முதல் பொருளைத் தேடுவதை விட்டுவிடுகிறது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன பலரின் கதையில் இப்படி ஒரு குட்டு இருக்கிறது.

2022இல் தமிழக அரசு கொரோனாக் கால இடைவெளியைச் சரிக்கட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. பாட்டு, படம், விளையாட்டு என்று நல்ல விஷயங்கள் வகுப்புக்குள் வந்தன. வரவேற்கலாம். ஆனால் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அளக்கிற ஆசிரியர், 'காத்து' என்று வாசித்த பிள்ளையைத் தெரிந்த பட்டியலில் வைப்பாரா, தெரியாத பட்டியலிலா? அட்டையை மாற்றினாலும் காது மாறாவிட்டால் பழைய கதைதான்.

6

வகுப்பறையில் நடப்பது இலக்கியத்திலும் நடக்கிறது. நம் கதைகளைப் பாருங்கள். கதைசொல்லி 'காற்று வீசியது' என்கிறார். சேரிப் பாத்திரம் மேற்கோள் குறிக்குள் 'காத்து' என்கிறது. எழுதியவர் டீக்கடையில் நின்று பேசும்போது அவர் வாயிலும் 'காத்து'தான் வருகிறது. ஆனால் அச்சில் அவர் பேச்சு எழுத்தாகிறது, அவள் பேச்சு மட்டும் ஒலியாகிறது. சில கதைகளில் பண்ணையாருக்கு ழ வருகிறது, பண்ணையாளுக்கு வருவதில்லை. ஊரில் இரண்டு பேருக்கும் வராது! யாருடைய சொல்லை வாயில் வந்தபடி எழுதுவது, யாருடைய சொல்லை அகராதிப்படி எழுதுவது என்று முடிவு செய்கிற கை, வகுப்பில் குட்டுகிற கைக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டத்தில் இது வெளிப்படையாகவே வந்தது. பேச்சுத்தமிழில் எழுதிய முற்போக்கு எழுத்தாளர்களை மரபுப் பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என்று தாக்கினார்கள். டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்று ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து எழுத வந்தவர்கள் அந்த முகாமில் இருந்தார்கள். வழக்கு இழிந்தது என்று சொல்லவில்லை, சனத்தை இழிசனம் என்றுதான் சொன்னார்கள். ஒலி ஒரு சாக்கு.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதன் மொழியைப் பலரும் மண்வாசனை, பச்சையான மொழி என்று பாராட்டினார்கள். பாராட்டிலும் ஒரு மூக்கைப் பொத்துகிற பாவனை இருந்தது. அந்த நூல் செய்த காரியம் வாசனை சம்பந்தப்பட்டது இல்லை. பாத்திரம் மட்டுமல்ல, கதைசொல்லியே அந்தப் பேச்சில் பேசினார். மேற்கோள் குறி என்ற வேலியை எடுத்துவிட்டார். எழுத்துத்தமிழ் என்ற திண்ணையில் ஏறி நின்று சனங்களைக் காட்டாமல் சனங்களுக்குள் நின்றே சொன்னார். இதைச் செய்தவர் எழுத்துத்தமிழ் தெரியாதவர் அல்ல, பள்ளி ஆசிரியர். தெரிந்தே எடுத்த முடிவு அது.

இதற்குப் பிறகு வந்த நம் எழுத்தாளர்கள் சிலர் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு எழுத்தை உடைத்து எழுதுகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு தலித் இலக்கியம் என்று நினைத்தார்கள். 'எழுத்து' என்பதை 'எயுத்து' என்று எழுதினால் யார் தடுமாறுவார்? எழுத்தை உடைத்துப் போட்டாலும் கண் ஓட்டத்தில் சரிசெய்து வாசிக்கத் தெரிந்தவர் படித்துப் பழகிய வாசகர். புதிதாக எழுத்துக் கற்ற அந்த ஆயாவுக்கு, பாடுபட்டு மனதில் பதியவைத்த வடிவம் இங்கே காணாமல் போகிறது. அவர் பேச்சைக் காட்டுவதற்காக அவரே வாசிக்க முடியாதபடி எழுதுவது யாருக்காக? பேச்சின் உயிர் அதன் சொல்லில், வாக்கியம் திரும்புகிற விதத்தில், கேலியில், கோபத்தில் இருக்கிறது. ழ-வை ய ஆக்குவதில் மட்டும் இல்லை. 'கருக்'கிலிருந்து கற்க வேண்டியது அதைத்தான்.

7

அப்படியானால் பேச்சுத்தமிழிலேயே பாடப்புத்தகம் போட்டுவிடலாமா? எந்த ஊர்ப் பேச்சில்? திருநெல்வேலியில் 'பளம்', சென்னையில் 'பயம்', இன்னொரு வீட்டில் 'பழம்'. எழுதினால் மூன்றும் ஒன்று. இந்த எழுத்து ஒரு உடன்படிக்கை. இதன் வடிவத்தைக்கூட மனிதர்கள் மாற்றினார்கள். பெரியார் 1935 முதல் தன் பத்திரிகையில் புழங்கிய ணை, லை, னை போன்ற வடிவங்களை 1978இல் அரசு ஒரு ஆணையால் பொது வழக்காக்கியது. வானம் இடிந்து விழவில்லை. எழுத்து யார் வாயின் படமும் இல்லை. அதனால்தான் எல்லா வாய்க்கும் அது பொதுவாக இருக்க முடியும். எழுத்தை ஒரு சாதியின் வாயோடு ஒட்டவைத்தவர்களிடமிருந்து அதைப் பிரித்து எடுக்க வேண்டுமே தவிர, எழுத்தையே அவர்களிடம் விட்டுவிட்டு வரக்கூடாது. பரீட்சையும் மனுவும் சட்டமும் அதில்தான் இருக்கின்றன.

வகுப்பறையில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. பேச்சும் எழுத்தும் ஒத்துப்போகிற சொற்களில் தொடங்கலாம்: ஆடு, தட்டு, சட்டி, கத்தி, அடுப்பு. பிள்ளை தன் காதை நம்பிப் பழகட்டும். பிறகு பிரிகிற இடங்களை விதியாகவே காட்டலாம். எழுத்தில் ற்ற, பேச்சில் த்த: காற்று காத்து, நேற்று நேத்து. எழுத்தில் ன்ற, பேச்சில் ண்ண அல்லது ன்ன: கன்று கண்ணு, பன்றி பன்னி. எழுத்தில் இ, பேச்சில் எ: இலை எலை. இத்தனை ஒழுங்கான விதிகளோடு இருப்பதைக் கொச்சை என்று சொல்ல முடியாது என்பது பிள்ளைக்கே விளங்கும். பிள்ளை வாசித்து முடித்ததும் 'எப்படிச் சொன்னாய்' என்று பார்க்காமல் 'என்ன சொல்லியிருக்கு' என்று முதலில் கேட்கலாம். ழ சொல்லப் பழகுவதையும் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம், மேடையில் பேச, பாட வேண்டியவர்களுக்கு அது உதவும். ஆனால் அது வாசிப்புக்கு நுழைவுச் சீட்டு ஆகக்கூடாது.

இரவுப் பள்ளிகளும் மாலை வகுப்புகளும் நடத்துகிற தோழர்கள் இன்றும் பல ஊர்களில் இருக்கிறார்கள். எந்தச் சொல்லில் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள், அங்கே பேச்சு என்ன, எழுத்து என்ன என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சேரி சேரியாக அப்படிக் குறிப்புகள் சேர்ந்தால் பாடநூல் குழுக்களின் முன்னால் நாம் வெறும் கோபத்தோடு போய் நிற்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளின் காது எவ்வளவு சரியாகக் கேட்கிறது என்பதற்கான சாட்சியங்களோடு போகலாம்.